எதிர்வூட்டுக்குச் சிங்கப்பூர் வழி

2004-ல எங்க லெப்பைக்குடிகாட்டுத் தெருவுல ஒரு சர்வதேசத் தகராறு நடந்துச்சுங்க. சும்மா வாய்ச்சண்டைன்னு நினைச்சிராதீங்க, முறைப்படி நடந்தது.

மதார் சின்ன வெங்காயம் ஏத்துமதி பண்றவரு. அவரு சம்சாரம் ஜைனம்புவோட தம்பி ஆகிப்புக்குத் துபாய்ல மண்டி. மதார் அனுப்புன சரக்கு அங்க போய் இறங்குறப்ப முளைவிட்டிருந்துச்சு. ஈரச் சரக்குன்னாரு ஆகிப். நீதான் துறைமுகத்துல எடுக்காம போட்டு வச்சேன்னாரு மதார். ஒப்பந்தத்தப் பிரிச்சுப் பாத்தா, தகராறுன்னா சிங்கப்பூர் நடுவர்தான் தீர்க்கணுமாம். பெரம்பலூர் டைப்பிங் கடையில யாரோட கப்பல் ஒப்பந்தத்தையோ பாத்து அடிச்சது. ரெண்டு பேருமே படிக்காம கையெழுத்துப் போட்டவங்க.

ஆகிப் லீவுல வந்து மதாருக்கு எதிர்வூட்லதான் இருந்தாரு. மதார் விட்ட நோட்டீஸ் சிங்கப்பூர் போயிட்டு ஆகிப் பேருக்குத் திரும்பி வந்துச்சு. கூரியர்காரரு மதார்கிட்டயே விலாசம் கேக்க, "அதோ, எதுத்த வூடு"ன்னு அவரே கைய காட்டுனாரு.

நடுவருக்குக் கட்டணம் கட்ட ரெண்டு பேருக்கும் வக்கில்ல. கோட்டுப் போட்டுக்கிட்டு சென்னையிலேருந்து அறிவரசன் வந்தாரு. வழக்குச் செலவ ஏத்துக்கிட்டு, ஜெயிச்சா பங்கு எடுக்குறது அவரு தொழில். சிங்கப்பூர்ல அப்ப அதுக்குத் தடை. அதனால பெரம்பலூர் லாட்ஜுல கையெழுத்தாச்சு, ரெண்டு கட்சிக்கும்.

"ரெண்டு பக்கமும் நீங்களேவா சார்?"ன்னு கேட்டாரு மதார்.

"அதாங்க நடுநிலை."

மதார் மவ ஃபைஸாவுக்கும் ஆகிப் மவன் அனஸுக்கும் பேசி வச்ச நிக்காஹ் நின்னுபோச்சு. புள்ள சோறு தண்ணி எறங்காம கெடந்துச்சு. பெத்த மனசு தாங்குமா? மதார் தெருவத் தாண்டிப் போயி, "வெங்காயந்தானே மச்சான், வுட்டுத் தள்ளு"ன்னு ஆகிப்பக் கட்டிப் புடிச்சு அழுதாரு.

அறிவரசன் அலறி அடிச்சுக்கிட்டு ஓடியாந்தாரு. "அனுமதியில்லாம சமாதானமா? மீறுனா மொத்தச் செலவையும் ரெண்டு பேரும் வட்டியோட கட்டணும். தீர்ப்பு வரும் வரை பகை உரிய முறையில் பராமரிக்கப்பட வேண்டும். கல்யாணம் கூடவே கூடாது!"

"அடப்பாவி! எம் மவ வாழ்க்கைய்யா!" ஜைனம்பு தெருவையே நியாயத்துக்குக் கூட்டிட்டாங்க.

கறிக்கடைக்காரரு, டீக்கடை சாமிதுரை, மணிமொழி டீச்சர், நானு, எல்லாரும் வந்தோம். ஃபைஸா கண்ணத் தொடச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு. "நீங்களாச்சும் சொல்லுங்க மாமா."

அறிவரசன் வழக்குல போட்ட பணம் எங்ககிட்ட வாங்குனதுதான். யாரு ஜெயிச்சாலும் லாபம்னு சொல்லி வூட்டுக்கு ஒரு பங்கு வித்திருந்தாரு. நான் ரெண்டு எடுத்திருந்தேன்.

நான்தான் சொன்னேன்: "கல்யாணம் எங்கம்மா போயிடப் போவுது? மொதல்ல தீர்ப்பு வரட்டும்."