உடும்பு வரும்வரை தொடக்கூடாத கூடு

ஒரு காட்டில் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், புல் முளைப்பதற்கு முன்பே வரிசை முளைத்துவிட்டது. ஆலமரத்தடிக் காப்பீட்டுக் கழகத்தின் ஜன்னலில் தொடங்கி, ஓடையைத் தாண்டி, புற்றைச் சுற்றி, விழுந்துகிடந்த நாவல் மரத்தின் மேல் ஏறி இறங்கிய அந்த வரிசையில் முப்பத்தேழாவதாக நின்றுகொண்டிருந்தான் மாசிலாமணி என்ற தூக்கணாங்குருவி.

போன வருடம் கழகத்தின் முகவரான ஒரு மைனா அவன் கிளையில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, கூட்டை நீங்க பார்த்துக்குங்க, கவலையை நாங்க பார்த்துக்கிறோம்" என்று தேனொழுகப் பேசியது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் ஒரு அலகுத் தினை கட்டிவந்தான் மாசிலாமணி. இப்போது அந்த மைனாவை எந்த மரத்தில் கூப்பிட்டாலும் வேறொரு அழைப்பில் இருந்தது.

தூக்கணாங்குருவிகளில் கூட்டைக் கட்டுவது ஆண்; உள்ளே போய்ப் பார்த்துச் சரி சொல்வது பெண். அவன் மனைவி வடிவு மூன்று கூடுகளை வேண்டாமென்று தள்ளிவிட்டு நாலாவதைத்தான் ஏற்றிருந்தாள். அந்த நாலாவதின் கீழ்ப்பாதியைப் புயல் கொண்டுபோய்விட்டது. குழல் வாசல் போச்சு, முட்டை அறை கிழிந்தது. விளக்குக்காகக் களிமண்ணில் ஒட்டியிருந்த மின்மினியும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போய்விட்டது. மிச்சம் பனையோலையில் ஒரு தொப்பி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"எட்டு நாள்ங்க" என்று காலையில் வடிவு சொல்லியிருந்தாள். "அதுக்கு மேல முட்டையைத் தள்ளிப்போட முடியாது. அதுக்கு மனுவெல்லாம் கிடையாது."

"நார் கிடைச்சா ரெண்டே நாள்ல முடிச்சிடுவேன்டி."

"ஈச்சமரத்துக்காரன் கூடு புயல்ல அசையவே இல்லையாம். சும்மா போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். உள்ள உட்கார்ந்தும் பார்த்தேன்."

இதற்குமேல் அவன் வரிசைக்கு ஓடிவராமல் என்ன செய்வான்? நாரைத் தேடிப் போகலாமே என்பீர்கள். புயலில் தப்பிய நார், நீளப்புல் எல்லாவற்றையும் விடியும் முன்பே கழகம் அள்ளிக் கிடங்கில் பூட்டிவிட்டது. அனுமதி கிடைத்த கூடுகளுக்கு மட்டும்தான் தருவார்களாம். பொதுநலன்!

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றிருந்தது. படிவத்தை நீட்டியது.

"சேதத்துக்கு முன்னாடி எடுத்த வீட்டோட போட்டோ, நாலு திசையிலிருந்தும் வேணும்."

"அது காத்துல சுத்திக்கிட்டே இருக்கும் சார். திசையெல்லாம் கிடையாது."

"அப்ப எட்டுத் திசையிலிருந்தும் குடுங்க. பின்பக்கம் விதிகள் இருக்கு, படிச்சிட்டுக் கையெழுத்து."

மாசிலாமணி படித்தான். விதி பதினான்கு: சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதமடைந்த வீட்டில் எதையும் தொடக்கூடாது. விதி பதினைந்து: சேதம் மேலும் அதிகமாகாமல் தடுப்பது வீட்டுக்காரரின் கடமை. சும்மா சொல்லக்கூடாது, காட்டிலேயே அதிகம் படித்த மூளைகள் கூடி உட்கார்ந்து எழுதிய வாக்கியங்கள் இவை.

"சார், தொடாம எப்படித் தடுக்கிறது?"

"தொடாமத் தடுக்கணும்."

"அதான் எப்படின்னு கேக்கிறேன்."

"விதியைச் சொல்றதுதான் என் வேலை. அடுத்து யாருப்பா? ஆமையா? வீட்டை முதுகுல வச்சுக்கிட்டே வந்திருக்கீங்களே, இடிஞ்ச வீடு எங்க?"

மாசிலாமணி திரும்பி வந்து, தொடாமல் தடுக்க ஆரம்பித்தான். காற்று வடக்கிலிருந்து அடித்தால் தெற்கே நின்று இறக்கையால் எதிர்க்காற்று வீசினான். தெற்கிலிருந்து அடித்தால் வடக்கே ஓடினான். ஆனால் காற்றைவிடப் பெரிய எதிரி அவனுடைய அலகுதான். தொங்கும் நாரைக் கண்டால் சொருகாமல் இருக்க எந்தத் தூக்கணாங்குருவியாலும் முடியாது, பிறவி அப்படி. அதனால் ஒரு கூழாங்கல்லை அலகில் கவ்விக்கொண்டு காவல் இருந்தான். நாலு நாள் அப்படியே போயிற்று. வடிவு எதிர்க்கிளையிலிருந்து, "பேசாத புருஷன் கிடைக்கணும்னா புயல் வரணும் போல" என்றாள். அவன் கல்லை இன்னும் இறுக்கிக் கவ்விக்கொண்டான்.

ஐந்தாம் நாள் சர்வேயர் உடும்பு வந்தார். முதலில் பக்கத்து வேப்பமரத்துக்கு, மோகனா என்ற குயிலிடம் போனார். குயிலுக்கு ஏது வீடு என்று கேட்கிறீர்கள். கழகம் கேட்கவில்லை. கழகத்தின் ஆண்டுவிழாவில் வருடாவருடம் பாடுகிறவள் அவள்.

"வீடு எங்கம்மா இருந்தது?"

"இப்ப இல்லையே சார்."

"சுத்தமா எதுவுமே மிஞ்சலையா?"

"நீங்களே பாருங்க. ஒரு குச்சிகூட இல்லை."

"நீங்க எதையாவது தொட்டீங்களா, மாத்தினீங்களா?"

"ஐயோ, நான் பிறந்ததிலிருந்து ஒரு குச்சியைத் தொட்டதில்லை சார்."

உடும்பு நெகிழ்ந்துபோனார். "விதியை இவ்வளவு ஒழுங்கா மதிக்கிற வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லி, 'முழு இழப்பு, புது வீடு தரலாம்' என்று எழுதினார்.

பிறகு பனைமரம் ஏறினார். நாக்கை நீட்டி உள்ளே துழாவினார். "முட்டை எதுவும் இல்லையா?"

"இல்லைங்க சார்."

"அடடா" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பதில் சொல்வதற்காகத்தான் மாசிலாமணி கூழாங்கல்லைக் கீழே வைத்திருந்தான். அறை எவ்வளவு அகலம், முடிச்சு எத்தனை, களிமண் எந்தக் குளத்துடையது என்று உடும்பு கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் மூக்குக்கு முன்னால் ஒரு நார் ஆடிக்கொண்டிருந்தது. இப்படி ஆடியது, அப்படி ஆடியது.

உடும்பு எழுதுவதை நிறுத்தினார். "இப்ப என்ன செஞ்சீங்க?"

"எப்ப சார்?"

"அந்த நார் தொங்கிக்கிட்டிருந்தது. இப்ப முடிச்சா இருக்கு."

மாசிலாமணி பார்த்தான். அழகான முடிச்சுதான். போட்டது அவனுக்கே தெரியவில்லை.

"சார், ஒரே ஒரு நார்!"

"திருத்தம் திருத்தம்தான். அதுவும் சர்வேயர் கண்ணெதிரே. இவ்வளவு சுலபமா சரிசெய்ய முடியும்னா இது சேதமே இல்லையே?" 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, தலைகீழாக இறங்கிப்போனார்.

வடிவு ஈச்சமரத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

மறுநாள் காலையில் கொக்கே பறந்து வந்தது. "தம்பி, மோகனாம்மாவுக்குக் கூடு கட்டணும். கிடங்குல நார் குவிஞ்சு கிடக்கு, கட்டத் தெரிஞ்ச ஆள்தான் கழகத்துல ஒருத்தரும் இல்லை. கூலியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

மாசிலாமணிக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் நார் என்ற சொல் காதில் விழுந்ததுமே அலகு துடித்தது. "எந்த மரத்துல கட்டணும்?"

"எதுல வேணா கட்டுங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அதே பனையின் அதே ஓலையில், இரண்டே நாளில் கட்டி முடித்தான். கிடங்கின் முதல்தர நார். வடிவு உள்ளே போனாள், குழலைத் தட்டிப் பார்த்தாள், வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு குறையும் சொல்லாமல் வெளியே வந்தாள்.

திறப்புவிழா தடபுடலாக நடந்தது. மோகனா தன் வீட்டை அண்ணாந்து பார்த்து, "இதுல எந்தப் பக்கம் உட்காரணும்?" என்று கேட்டாள், ஒரு பாட்டுப் பாடினாள், பறந்துபோனாள். திரும்பி வரவில்லை. எட்டாம் நாள் விடிந்ததும் வடிவு சத்தமில்லாமல் உள்ளே போய் முட்டையிட ஆரம்பித்தாள், நாளுக்கு ஒன்றாக மூன்று.

"நம்ம கூடுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள் உள்ளிருந்து. "உடும்பு வந்துடும்."

"சரிடி."

"ஒரு நாரையும் தொடாதீங்க."

"சரிடி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முடிச்சுப் போட்டான்.

அடுத்த வாரம் முட்டைகளை எண்ணினாள் வடிவு. நாலு இருந்தன. நாலாவது கொஞ்சம் பெரிது, புள்ளிபோட்டது. மோகனாவின் உடம்பு அந்தக் குழல் வாசலில் நுழையாது. எப்படி உள்ளே சேர்த்தாள் என்று கேட்காதீர்கள், கழகத்தில் ஆள் இருந்தால் எல்லாம் நுழையும். எது எப்படியோ, குயில்களின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு குயில் தன் சொந்த வீட்டில் முட்டையிட்டிருந்தது.

அடைகாத்தது மட்டும் வடிவு.

நீதி: புயலுக்குப் பின் வீட்டைச் சரிசெய்யாதீர்கள், முடிந்தால், புயலுக்கு முன்பும் கட்டாதீர்கள்.