முருகர் படத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

வீடு பார்க்கப் போகிறவன் அங்கே சாமி கும்பிடக் கூடாது. நாத்திகம் பேசவில்லை. வாங்கின பிறகு தாராளமாகக் கும்பிடலாம், கும்பிட வேண்டியும் வரும். பார்க்கப் போகிற அன்றைக்கு மட்டும் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். மழை வந்தால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறும். என் மனைவி கல்யாணிக்கு வீசிங். ஐப்பசி பிறந்தால் அவள் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். மீதிக்கு மூச்சு இருக்காது. மருந்தை மாற்றிப் பிரயோஜனமில்லை, வீட்டை மாற்றுங்கள் என்றார் டாக்டர். அடையாறில் ஒரு பழைய ஃப்ளாட் விலைக்கு வந்தது. போய்ப் பார்த்தோம்.

பார்த்தோம் என்பது தப்பு. பார்த்தது நான். கல்யாணி டீச்சர்; அன்றைக்குப் பரீட்சை டியூட்டி. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எதை வேணா விடுங்கோ. ஒவ்வொரு செவுத்துலயும் உள்ளங்கையை வெச்சுப் பாருங்கோ. ஜில்லுனு இருந்தா திரும்பி வந்துடுங்கோ."

டார்ச், டேப், தரையைத் தட்டிப் பார்க்க ஒரு ரூபாய்க் காசு என்று சகல ஆயுதங்களோடும் போனேன். (ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று அவள் கேட்டபோது, நான் எதற்கு இருக்கிறேன் என்று சொன்ன மகானும் நான்தான். ஆபீஸில் நான் பார்த்தது தபால் பிரிவு.)

வீட்டுக்காரர் ரிடையரான பேங்க் அதிகாரி, நெற்றி நிறைய விபூதி. சித்திரை வெயில். கை வைத்த சுவரெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது. கடைசியாக உள் அறை. அங்கே சுவரை அடைத்துக்கொண்டு ஆளுயர முருகர் படம், மல்லிகைச் சரம், முன்னால் எரிகிற விளக்கு.

"நமஸ்காரம் பண்ணிக்கோங்கோ. எல்லாம் அவர் பாத்துப்பார்" என்றார்.

கையை வைக்க வேண்டிய இடத்தில் கையைக் கூப்பினேன். கல்யாணிக்கு மூச்சு சீராக இருக்கணும் என்று மனம் உருகி வேண்டிக்கொண்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். விபூதி கொடுத்தார். விபூதியைப் பூசிக்கொண்டு, படத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? இவ்வளவு பக்தியான மனுஷர் என்று அங்கேயே சரி சொல்லிவிட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சாவி வந்தது. முருகரை வீட்டுக்காரர் கையோடு கொண்டுபோயிருந்தார். படம் இருந்த இடத்தில் சுவர் தோள் உயரத்துக்குக் கறுத்து, காரை அப்பளமாக உப்பியிருந்தது. அந்தப் பக்கம் பாத்ரூம். கல்யாணி உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கையில் ஈரச் சுண்ணாம்பு.

"இங்க கை வெச்சேளா?"

"கும்பிட்டேன்" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகிவிட்டது. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். வழியெல்லாம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தேன். அவமானமெல்லாம் அப்புறம்தான் வந்தது. அப்போது பயம், வெறும் பயம். என் கெட்டிக்காரத்தனத்தால் இவளைக் கொன்றுவிடப் போகிறேனே என்று அழுகை வந்தது.

மறுநாள் கிரகப்பிரவேசம் நடந்தது. அந்த அறைக்குள் கல்யாணியை நான் விடவில்லை. அந்தச் சுவரை மறைக்க ஒரு படம் மாட்டலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கூடவே கூடாது, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுவிட்டாள். பார்த்தார்கள். என் மைத்துனர் சுவரைத் தொட்டுவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டார்.

பிளம்பர் வந்து சுவரை உடைத்து, ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார். சுவர் காய்கிற வரைக்கும் பழைய வீட்டிலேயே இருந்தோம். அதன் பிறகு எத்தனையோ ஐப்பசி வந்து போயாயிற்று. அந்தச் சுவரில் இன்றுவரை எதையும் மாட்டவில்லை.

எங்கள் பெண்ணுக்கு வரன் பார்த்துவிட்டு வந்தபோது, பையன் ரொம்ப பக்தி, தங்கமான குணம் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். பெண்ணும் மைத்துனரும் என்னையே பார்த்தார்கள். கல்யாணி அடுக்களையிலிருந்து, மூச்சு வாங்காமல், முழு வாக்கியமாகக் கேட்டாள்:

"படத்தை நகர்த்திப் பாத்தேளா, இல்ல இந்தத் தடவையும் கும்பிட்டுட்டு வந்துட்டேளா?"