மயில்துத்தத்தின் ஈரம்

ராஜபாளையம்,
ஆகஸ்ட் 1988

வ. புதுப்பட்டி அத்தை அவர்களுக்குச் செல்லக்கனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். மாமாவின் முழங்கால் இப்போதாவது சொன்னபடி கேட்கிறதா என்று எழுதவும்.

பெண் பார்க்க வந்த அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஓர் எண்தான்: இருநூற்று நாற்பத்தொன்பதரை. சொல்லியிருந்தால், நீங்கள் பார்த்துக் கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன். சொல்லாததால் முழுக் கடிதம் தேவைப்படுகிறது.

மார்ச்சில் ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரி மட்டும் போனது உங்களுக்குத் தெரியும். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும். நான் தடுமாறியது ஒரு மோல் பொருளின் எடையைக் கண்டுபிடிப்பதில். ஒவ்வோர் அணுவின் எடையையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அடைப்புக்குறி வந்தால் எனக்குக் கை நின்றுவிடும். இதைக் கேள்விப்பட்ட அப்பா, "எடைதானட்டி? எடைன்னா நம்ம தொழிலு" என்று பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். பஞ்சுத் தரகர் வீட்டில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. சுண்ணாம்புக் கணக்கை எடுத்தோம். அடைப்புக்குறியை ஒரு பொதி என்று நினை, வெளியே ரெண்டு போட்டிருந்தால் ரெண்டு பொதி, உள்ளே இருக்கிற ஆக்சிஜன் ஹைட்ரஜன் எல்லாம் ரெண்டு தடவை என்றார். வாத்தியார் ஒரு வருஷமாகச் சொல்லியும் புரியாதது அந்த நிமிஷம் புரிந்தது. அம்மா மட்டும் எட்டிப் பார்த்து, "அந்தக் கால்சியத்தை ஏன் வெளிய நிறுத்தி வச்சிருக்கிய, பாவம்" என்றாள். "அது பொதில சேராது, நீ போயி ஒலையப் பாரு" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு மயில்துத்தம் வந்தது. அதன் வாய்பாட்டில் காப்பர் சல்பேட்டை எழுதி, ஒரு புள்ளி வைத்து, ஐந்து மூலக்கூறு தண்ணீர் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் புள்ளியைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, சரக்கு வேற, ஈரம் வேறன்னு பிரிச்சுக் காட்டிருக்கான். யோக்கியமான ஆளு." தண்ணீரின் தொண்ணூறைக் கழித்து நூற்று ஐம்பத்தொன்பதரை என்று முடித்தார். பஞ்சில் ஈரத்தைக் கழிக்காமல் எடை போட்டால் எந்த மில்லில் விடுவார்கள்? புத்தகத்தின் கடைசியில் இருநூற்று நாற்பத்தொன்பதரை என்று விடை இருப்பதைக் காட்டினேன். "அது விக்கிறவன் கணக்கு. நான் வாங்குறவன் கணக்கு சொல்றேன்" என்றார். அத்தனை சந்தோஷமாக இருந்தவரிடம் மேற்கொண்டு பேச எனக்கு மனம் வரவில்லை.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு பாடுவாளா?" என்று கேட்க, "கெமிஸ்ட்ரி படிக்கா" என்று எங்கள் அம்மா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை சோலைராஜ் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர். என்னைப் பேச வைக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "மயில்துத்தத்துக்கு ஒரு மோல் எடை எம்புட்டு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நூத்தி அம்பத்தொம்பதரை. ஈரத்தைக் கழிச்சாச்சு" என்றார். மாப்பிள்ளை காப்பி டம்ளரைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிதான் மாமா" என்றார். எல்லாருக்கும் பரம திருப்தி.

எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. அவருக்கு விடை தெரியாது என்றால், அவரிடம் படிக்கிற பிள்ளைகளின் கதி என்ன? தெரிந்தும் சரி என்றார் என்றால் அது இன்னும் மோசம். பெரியவர் சொல்கிறார் என்பதற்காகத் தப்புக்குத் தலையாட்டுகிறவர், நாளைக்கு அவருடைய அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாலும் அதே "சரிதான்" சொல்வார். அந்த வீட்டில் நான் எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். "ஏட்டி, நீ மட்டும் வாயத் தொறந்தியா?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எப்படிக் கூட்டினாலும் எனக்கு வருகிற விடை ஒன்றுதான்: வேண்டாம். அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லி, அவர்களுக்கும் தகவல் அனுப்ப வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். சினையாக இருக்கிற எருமைக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக ஆண்டாளை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகள்
செல்லக்கனி

பின்குறிப்பு: நேற்று இதைத் தபாலில் போடப் புறப்பட்டபோது மாப்பிள்ளை வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்து, "உங்களுக்கு விடை தெரியும்லா?" என்றார். "உங்களுக்கு?" என்றேன். "தெரியும்னுதான் நெனச்சிருந்தேன். உங்க அப்பா சொன்ன வேகத்துல எனக்கே சந்தேகம் வந்துட்டு. வீட்டுக்குப் போயி புஸ்தகத்தைப் பாத்த பொறவுதான் சோறு எறங்குச்சு" என்றார். இப்படியும் ஒரு விடை இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. அப்பா வந்ததும் அவரிடமும் சொன்னார்: "மாமா, பஞ்சுல ஈரம் கூடும், கொறையும். மயில்துத்தத்துல தண்ணி எப்பவும் அஞ்சுதான். அதை எடுத்துட்டா நீலமே போயிரும்." அப்பா என் புத்தகத்தை எடுத்து அந்தப் புள்ளியை இன்னொரு தடவை பார்த்தார். "அப்போ அது ஈரம் இல்ல மாப்பிள்ள, சரக்கு" என்றார்.

மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். இன்று காலை அப்பா என்னிடம் சம்மதம் கேட்டார். சரி என்றேன். பஸ் ஏறிப் போய் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.