ஆகாயத்தில் மட்டும் செல்லும்

இருவாச்சிப் பறவைகள் ஜோடியாகவே பறப்பதற்குக் காரணம் காதல் என்று பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்களே நம்புகிறார்கள், கல்யாண மேடைகளில் உதாரணம் காட்டி வாழ்த்துகிறார்கள். இந்தப் பிழையை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை. காரணம் காதல் அல்ல, சட்டம். அது வந்த விதம் பின்வருமாறு.

ஒரு காட்டில், மழை அதிகம், மரம் அதிகம், சபைக் கூட்டம் எல்லாவற்றையும்விட அதிகம் என்றிருந்த காட்டில், கோமளா, எழிலி என்று இரண்டு இருவாச்சிகள் இருந்தன. இரண்டும் பெண். காட்டுப்பலா மரத்துப் பொந்து ஒன்றில் சேர்ந்து குடித்தனம் நடத்தின.

முட்டையிடும் இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் விடும். அதன் வழியே துணை பழம் ஊட்டும். மாதக்கணக்கில் இப்படி. சென்ற பருவத்தில் உள்ளே கிடந்தது எழிலி. இந்தப் பருவம் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டது. "சரி" என்றது கோமளா. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் அவை சேர்ந்து வாழ்வதும், முட்டை வேண்டாம் என்பதும் பழைய புலியின் ஒரே ஓர் உறுமலை நம்பி நடந்துவந்தன. யாரோ வழக்குக் கொண்டுபோனபோது, "அவரவர் பொந்து, அவரவர் விருப்பம்" என்று பொருள்படும்படி அது உறுமியிருந்தது. அந்தப் புலி செத்துப்போயிற்று. புதுப் புலி இன்னும் உறுமவில்லை, தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்துப் பாறையிலிருந்த உடும்பு தினமும் வந்து விசாரித்தது. "புதுசு எப்படி உறுமும்னு தெரிஞ்சுதா அக்கா? உங்களைக் காலி பண்ணச் சொன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்ல பொந்து."

எழிலிக்குத் தூக்கம் போயிற்று. "உறுமலை நம்பினது போதும். சட்டமாவே வாங்கிடலாம்" என்றது.

சபை கூடியது. மசோதா சிறியது: யாரும் யாரோடும் ஜோடி சேரலாம், முட்டையோ குட்டியோ, எப்போது என்பதைச் சுமப்பவளே சொல்வாள்.

எதிர்ப்பே இல்லை. ஆபத்து அங்கேதான் தொடங்கியது.

"முழு மனசோட ஆதரிக்கிறேன்" என்றது காட்டுப்பன்றி. "ஒரு சின்ன சந்தேகம். ரெண்டும் பொம்பளைன்னா முட்டை எப்படிம்மா?"

"அது எங்க பொந்து விஷயம் மாமா" என்றது கோமளா. "உங்க வீட்டுல அத்தனை குட்டி எப்படின்னு நாங்க கேட்டோமா?"

சபை சிரித்தது. பன்றி சிரிக்கவில்லை. "ஆதரவு ஆதரவுதான். ஆனா தரையில எங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு. 'தரை நீங்கலாக'ன்னு மட்டும் சேத்துக்குங்க."

தலைமை வகித்த யானை சேர்த்துக்கொண்டது. ஆதரிப்பவர் கேட்கும் திருத்தத்தை மறுப்பது அந்தச் சபையில் மரியாதைக் குறைவு.

ஆமை கண்கலங்கி ஆதரித்து, தண்ணீர் நீங்கலாக என்றது. பெண்ணுரிமை தன் உயிர் என்று வெகுநேரம் பேசிய குரங்கு, மரம் குடும்பம் நடக்கிற இடம், ஆகவே மரம் நீங்கலாக என்று முடித்தது.

"ஆகாயம்?" என்று கேட்டது யானை.

பருந்து இருந்திருந்தால் எழுந்திருக்கும். அன்று அது ஒரு சாவு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தது.

மசோதா ஒருமனதாக நிறைவேறியது. வாழ்த்த முதல் பூமாலையைக் கொண்டுவந்தது உடும்பு. மறுநாள் புதுப் புலி உறுமியது: சட்டம் வந்துவிட்டதால் பழைய உறுமல் ரத்து, சட்டம் எட்டாத இடத்தில் முன்னோர் வழக்கமே செல்லும்.

"அப்போ கிளையில உட்கார்ந்தா?" என்றது எழிலி.

"நீ யாரோ, அவள் யாரோ" என்றது யானை, உண்மையான வருத்தத்துடன். "பருவத்தில் முட்டையும் இட்டாக வேண்டும். பறக்கும்போது முழு உரிமை உண்டு. எந்தக் காட்டிலும் இல்லாத சட்டம், அம்மா."

கோமளா எழிலியைப் பார்த்தது. "றெக்கை வலிக்குதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப வா."

இரண்டும் பக்கம் பக்கமாக எழும்பின.

நீதி: உரிமை எல்லாருக்கும் உண்டு, இறங்காமல் இருந்தால் போதும்.

காட்டுப்பலா மரத்துப் பொந்தில் இப்போது உடும்பு இருக்கிறது.