அமுக்கிப் பார்க்க வரவேண்டாம்

அன்பும் அதட்டலும் குறையாத அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள், அடுத்தவர் உடம்பைப் பற்றி இத்தனை தெரிந்தவர்களுக்கு என்ன கேடு. என் நலத்தை நீயே உறவு முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டாய்: "அவளுக்கு ஒண்ணுமில்ல, நடிக்கிறா." அது போதாதென்று அடுத்த வாரம் வந்து ஒரு மாதம் தங்கி என்னைச் சரிசெய்யப் போகிறாயாம். வராதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நோயின் பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. உன் வாயில் நுழையவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. சின்ன வலியையும் நரம்பு பெரிதாக்கி மூளைக்குச் சொல்கிறது என்றார் டாக்டர். நம் குடும்பத்தில் நீ பார்க்கிற வேலையேதான். ஸ்கேனில் எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் என் கழுத்து, தோள், முட்டி என்று அமுக்கிப் பார்க்க, நான் அலறினேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் மருத்துவத்தில் அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு வந்து எல்லோருக்கும் பாடம் எடுத்தார். அன்றிலிருந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுமுன் என் தோளை அமுக்குகிறார்கள். மாமியார் நான் தூங்கும்போது அமுக்குகிறார், கேட்டால் "தூக்கத்துல நடிக்க முடியாதுல்ல" என்கிறார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

உன் வாய்க்குப் பயந்து, வலி கொஞ்சம் விட்ட ஒரு நாளில் போர்வைகளையெல்லாம் துவைத்துப் போட்டேன். இவர் அதைப் படமெடுத்து உனக்கு அனுப்ப, "பாத்தியா, குணமாயிட்டா" என்று நீ பதில் போட்டாய். மறுநாளிலிருந்து வெட்டிப்போட்ட மரமாகக் கிடந்தேனே, அதை யாரும் படமெடுக்கவில்லை. நான் திரைச்சீலை தைக்கப் போகும் கடையின் முதலாளியம்மா வரை உன் புகழுரை போய்விட்டது. "ஒருநாள் பம்பரமா சுத்துற, மறுநாள் கத்தரிக்கோலத் தூக்க முடியலங்கற. உங்கக்கா சொன்னது சரிதான் போல" என்கிறார். வேலையைத் துண்டு துண்டாகச் செய், களைப்பு வருமுன் உட்கார், தினமும் கொஞ்சம் நட என்றார் டாக்டர். நம் வீட்டில் முதல் இரண்டுக்கும் சோம்பேறித்தனம் என்று பெயர், மூன்றாவதற்கு "நடக்க முடியுதுல்ல, அப்புறமென்ன" என்று பெயர். வேலை போனால் நீயா வந்து தைத்துக் கொடுப்பாய்? ஆகவே டிக்கெட்டை ரத்து செய்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு இந்த வலி ஒருநாளும் வராமல் இருக்கட்டும், புத்தி மட்டும் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
நடிகையான உன் தங்கை.

பி.கு. இன்று காலை தலை வாரக் கை தோளுக்கு மேல் எழவில்லை. மாமியாரிடம் கேட்க வாய் வரவில்லை, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ பின்னிவிட்டால் மட்டும் எனக்கு எப்போதும் வலித்ததில்லை. டிக்கெட்டை ரத்து செய்யாதே அக்கா, முடிந்தால் முன்னாடியே வா. வாயை மட்டும் அத்தானிடம் கொடுத்துவிட்டு வா.