மாங்கட்டையில் பூத்த விஷம்

புரட்டாசி பிறந்து பதினெட்டு நாளாகத் துலுக்காணம் கறியைக் கண்ணால் பார்க்கவில்லை. அதனால்தான் தோப்பில் பட்டுப்போய்ச் சாய்ந்து கிடந்த மாமரத்தில், மழை விட்ட மறுநாள், சிப்பி சிப்பியாகக் காளான் அடுக்கி நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கூடை தேறும்!

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். மறுநாள் சனிக்கிழமை. பெண்டாட்டி தேவயானியின் தம்பி எழிலரசன் திருப்பதியிலிருந்து வருகிறான். அவன் சாப்பிட்டு எழுந்தால் சட்டியைக் கழுவ வேண்டிய வேலையே இருக்காது. அவன் போகும்வரை காளான் மரத்திலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று துலுக்காணம் முடிவு செய்தார்.

"ஏமே, தோப்புல விஷக்காளான் மொளச்சிருக்குது. கிட்ட போயிடாத. தொட்டாலே கை வெந்துபூடும்."

தேவயானி அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். "மண்ணுலயா, மரத்துலயா?"

"செத்த மரத்துல."

"இன்னா கலரு?"

"வெளுத்த சாம்பல்."

"தலைக்கு அடியில இருக்குற மடிப்பு காம்பு வரைக்கும் எறங்குதா?"

"எறங்குது."

"காம்புல மோதிரமாட்டம் வளையம்? அடியில கிண்ணமாட்டம் உறை?"

"ரெண்டும் இல்ல!" தனக்கு இவ்வளவு தெரிகிறதே என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

"ஐயய்யோ, பொல்லாத விஷம்யா" என்றாள் தேவயானி.

போன வருஷம் மகளிர் குழுவோடு திருப்பதிக்குப் போய் எதைத் தின்னலாம், எது விஷம் என்று அடையாளம் பார்ப்பது வரை அவள் மூன்று நாள் சிப்பிக்காளான் பயிற்சி எடுத்தவள். துலுக்காணத்துக்கு அந்தப் பயிற்சியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், மூன்று நாளும் தானே உப்புமா கிண்டியதுதான்.

காலையில் அவருடைய கறுப்புக் குடைமேல் வட்டமாக வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

"குடையில யாரு மாவு கொட்டனது?"

"காளான் வெதைய்யா. ராத்திரி ஒண்ணைக் கவுத்து வெச்சேன். வெள்ளையா உதுருதான்னு பாக்கணும்ல."

"எதுக்கு?"

"விஷமாச்சே, நல்லாப் பாக்க வேணாமா?"

மத்தியானம் வீடு முழுக்க மிளகு வாசனை. எழிலரசன் இலையில் காளான் வறுவல் மலையாகக் குவிந்தது. தேவயானி தனக்கும் போட்டுக்கொண்டாள். துலுக்காணத்தின் இலையில் ரசம் மட்டும் ஓடியது.

"மே, எனக்கு?"

"நீதான் விஷம்னியே! நாங்க துன்னுட்டு எதுனா ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ ஒரு ஆளு தெளிவா இருக்க வேணாமா?"

எழிலரசன் மூன்றாவது தடவை கிண்ணத்தை இழுத்தபடி, நிஜமான அக்கறையோடு கேட்டான்:

"மாமா, வண்டியில பெட்ரோல் இருக்குதா?"