சாம்பார் வாளியும் நியூசிலாந்தும்

இனி சாம்பார் வாளியைத் தொடுவதில்லை என்று ஸ்கூடாய் குணாளன் சாமி படத்துக்கு முன்னால் நின்று முடிவெடுத்துவிட்டார்.

அவர் கஷ்டம் அவருக்கு. மனைவி வாசுகியின் அண்ணன் கமலநாதன் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், "வாங்க மாப்ள!" என்று வாசலிலேயே வாளியைக் கையில் திணித்துவிடுவார். ஆறு விசேஷம், ஆறு வாளி. பரிமாறி முடித்துக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் தீர்ந்திருக்கும். ஆறு தடவையும் தீர்ந்திருந்தது. இப்போது மச்சான் கெலாங் பாத்தாவில் புது வீடு வாங்கிவிட்டார். ஆகஸ்ட் முப்பது வீட்டுப் பூசை. நானூறு பேருக்குச் சாப்பாடு.

சாயங்காலம் சூடான மைலோவை ஆற்றியபடி குணாளன் மெதுவாக ஆரம்பித்தார்.

"வாசுகி, நியூசிலாந்து போலாமா?"

"திடீர்னு எதுக்குங்க?"

"எதுக்கா? ஒரே நாட்டுல பனிமலை இருக்கு, கடல் இருக்கு, வெந்நீர் ஊத்து இருக்கு. பச்சைப் புல்லுல ஆடு மேயுது. இங்க காரை எடுத்தா என்ன தெரியுது? செம்பனைத் தோட்டம். அதைத் தாண்டினா? அதுவும் செம்பனைதான் லா."

"பத்து மணி நேரம் பறக்கணுமே. மெர்சிங் போற பஸ்லயே உங்களுக்கு வாந்தி வருது."

"பனிமலை பாக்கணும்னா கொஞ்சம் வாந்தி எடுக்கத்தான் வேணும்."

"எப்பப் போறது?"

"ஆகஸ்ட் இருபத்தெட்டு."

"அலமாக்! முப்பதாந்தேதி அண்ணன் வீட்டுப் பூசையாச்சே!"

குணாளன் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் பழகிய முகம். "சிங்கப்பூர் கம்பெனி லா. அந்த ஒரு வாரம்தான் லீவு தர்றான். நான் என்ன செய்ய?"

வாசுகி போனைக் கையில் எடுத்தாள். "சரிங்க. டிக்கெட்டை நானே போட்டுக்கறேன்."

இவ்வளவு சுலபமா! குணாளனுக்கு வாயெல்லாம் பல். மச்சானுக்கு, 'மனசே கேக்கல மச்சான்' என்று குரல் தழுதழுக்க வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். பதிலுக்கு ஒரே ஒரு கட்டை விரல் வந்தது. பாவம், மனிதர் உடைந்துபோயிருக்கிறார் என்று குணாளன் நினைத்துக்கொண்டார்.

இருபத்தெட்டாம் தேதி சாங்கி விமான நிலையம். ஸ்கூடாயில் கார் ஏறும்போதே போட்ட கம்பளிக் கோட்டுக்குள் குணாளன் வெந்துகொண்டிருந்தார். ஆனாலும் சந்தோஷமாகத்தான் வெந்தார்.

"வாங்க மாப்ள!"

குரல் கேட்டதும் அவருடைய வலது கை தானாக நீண்டது, வாளி வாங்க. திரும்பினால் மச்சான், மச்சான் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார். எல்லார் தலையிலும் கம்பளிக் குல்லா.

"மச்சான்... வீட்டுப் பூசை?"

"தங்கச்சிதான் சொல்லிச்சு, எல்லாரும் சேந்தே போலாம்னு. நீங்க இல்லாம பந்தியா மாப்ள? தள்ளி வெச்சாச்சு." மச்சான் ஒரு பெரிய பெட்டியை அவர் பக்கம் உருட்டினார். "அங்க சோறு கிடைக்குமோ என்னமோ. ரைஸ் குக்கர் இருக்கு, சாம்பார்ப் பொடி இருக்கு. சின்னதா ஒரு வாளியும் வெச்சிருக்கேன்."

"எப்பத்துக்குத் தள்ளியிருக்கீங்க?" குணாளனின் குரல் இந்தத் தடவை பழகாமலே தழுதழுத்தது.

வாசுகி அவர் கோட்டுக்குக் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

"தையிலங்க. உங்க மேனேஜர்கிட்ட நானே போன் போட்டுக் கேட்டுட்டேன். எந்த வாரம் வேணும்னாலும் லீவு தருவாராம்."